நாலு பொருத்தம் பார்த்தாச்சா?

விருதுநகரில் ஏலக்காய் விளைவதில்லை. காப்பிக்கொட்டை விளைவதில்லை. ஆனால் இரண்டுக்கும் விலை மட்டும் அங்கே விளையும். பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி வருமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் தென் மாவட்டத்து மளிகைக்கடை அண்ணாச்சிகள் பலர் துவரம்பருப்புக்கு விலை சொல்வார்கள். அங்கிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம் போனால் சிவகாசி. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம்.

இந்த இரண்டு ஊருக்கும் பொதுவான சங்கீதம் ஒன்று உண்டு. பருப்பு மண்டிக்குள் நுழைந்தாலும் சரி, பட்டாசுக் கம்பெனி ஆபீஸுக்குள் நுழைந்தாலும் சரி, 'க்ரீச்ச்... க்ரீச்ச்...' என்று காதைக் கிழிக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்!

"இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று சென்னையிலிருந்து வருகிற மாப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. சரக்கு அனுப்பினால் பில் மூன்று பிரதி வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. வாங்குகிறவருக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. லேசர் பிரின்டர் காகிதத்தைத் தடவிக் கொடுக்கிற ஜாதி. டாட் மேட்ரிக்ஸ் அடிக்கிற ஜாதி. அடித்தால்தான் கார்பனுக்கு அடியில் இருக்கிற தாளுக்கு உறைக்கும். ஒரே அடியில் மூன்று பில். ஆகவே பழைய பிரின்டர் நகராது. கம்ப்யூட்டர் மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுசாக வரும். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

இந்தத் தகராறுகளைத் தீர்த்து வைப்பதுதான் என் பிழைப்பு. பைக் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், ஒரு கூடைக் கேபிள். போகிற இடத்திலெல்லாம் ஒரு தம்பி எனக்காகக் காத்திருப்பார். பி.காம். முடித்து அக்கவுண்ட்ஸ் எழுத வந்தவர். என்றைக்கோ முதலாளியின் செல்போனில் ரிங்டோன் மாற்றிக் கொடுத்திருப்பார். அன்றிலிருந்து அவர் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்'. பிரின்டர் ஓடவில்லையா, கூப்பிடு தம்பியை. இன்டர்நெட் வரவில்லையா, கூப்பிடு தம்பியை. ஃபேன் சுற்றவில்லையா, அதற்கும் தம்பிதான். தீபாவளிக்கு முன்னால் வாசலில் லாரி நிற்கும்போது பில் அடிக்கவில்லை என்றால் முதலாளி திட்டுவது கேபிளை அல்ல, தம்பியை.

இந்தக் கட்டுரை அந்தத் தம்பிகளுக்காக. அதாவது, உங்களுக்காக.

கேபிளுக்கும் ஜாதகம் உண்டு

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கேபிளுக்கு அவ்வளவு வேண்டாம், நாலு போதும். ஒன்று, உருவப் பொருத்தம்: பிளக்கும் ஓட்டையும் சேருகிறதா? இரண்டு, வோல்டேஜ் பொருத்தம். மூன்று, பாஷைப் பொருத்தம்: இரண்டு மெஷினும் ஒரே பாஷை பேசுகின்றனவா? நாலு, தரகர் பொருத்தம். தரகர் என்பது டிரைவர் சாஃப்ட்வேர். நடுவில் நின்று பேசி முடிக்கிறவர்.

நம்மவர்கள் முதல் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். "சொருகினேன் சார், கச்சிதமா உள்ளே போச்சு. ஆனா வேலை செய்யலை." போட்டோவைப் பார்த்துக் கல்யாணம் பண்ணினால் அப்படித்தான்!

ஒன்று: மூஞ்சியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

*பழைய கம்ப்யூட்டருக்குப் பின்னால் 25 கால் உள்ள பெரிய சாக்கெட் இருக்கே, அது பிரின்டருக்கா, வேறு எதற்கா?*

ஓட்டையா, ஊசியா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் பக்கம் 25 ஓட்டை இருந்தால் பிரின்டருக்கான பேரலல் போர்ட். 25 ஊசி நீட்டிக்கொண்டு இருந்தால் சீரியல் போர்ட். 1981-இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தபோது செய்த ஏற்பாடு இது. 1984-இல் வந்த அடுத்த மாடலில் சீரியல் 9 ஊசியாகச் சுருங்கியது. பிரின்டர் பக்கம் இருப்பது 36 தொடர்பு கொண்ட அகலமான சாக்கெட். அதற்கு சென்ட்ரானிக்ஸ் என்று பெயர். 1970-இல் பிரின்டர் கொண்டு வந்த கம்பெனியின் பெயர் அது.

இதில் ஒரு வில்லங்கம். பழைய மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரிலும் அதே 25 ஓட்டை இருக்கும். அது பேரலலும் இல்லை, சீரியலும் இல்லை. ஸ்கஸி என்கிற மூன்றாவது ஜாதி. சிவகாசியில் பழைய ஸ்கேனர் வைத்திருக்கிற பிரஸ்காரர்கள் கவனிக்க. சாக்கெட் சேருகிறதே என்று பிரின்டர் கேபிளை அதில் சொருகினால் போர்டு புகையலாம்.

*மானிட்டர் கேபிளும் 9 பின் கேபிளும் ஒரே சைஸாகத் தெரிகிறதே?*

ஒரே சைஸ்தான். ஆனால் மானிட்டரின் விஜிஏ பிளக்கில் மூன்று வரிசையில் 15 ஊசி. சீரியலில் இரண்டு வரிசையில் 9. மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு கையால் தடவிச் சொருகுகிறவர்கள் ஊசியை வளைத்துவிடுவார்கள். வளைந்த ஊசியை நிமிர்த்தலாம், ஒரு தடவை. இரண்டாவது தடவை கையோடு வந்துவிடும். ஆகவே டார்ச் அடித்துப் பாருங்கள், தம்பி.

*டைப்-சி வந்த பிறகு இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிட்டது, இல்லையா?*

கூடியிருக்கிறது! 2014-இல் டைப்-சி வந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகும், அது சௌகரியம். ஆனால் வெளியே ஒரே முகம், உள்ளே நாலைந்து குணம். ஒரு கேபிள் 2000-ஆம் ஆண்டின் பழைய யுஎஸ்பி 2.0 வேகத்திலேயே போகும். இன்னொன்று அதைப்போல் இருபது மடங்கு வேகத்தில் போகும். சில லேப்டாப்பின் டைப்-சியில் மானிட்டர் வேலை செய்யும், சிலதில் செய்யாது. "சார், ஃபோனோடு வந்த கேபிளை மானிட்டருக்குப் போட்டேன், படம் வரலை" என்றால் கேபிள் மேல் தப்பில்லை. சார்ஜ் ஏற்றப் பிறந்த கேபிளிடம் சினிமா கேட்டால் எங்கே போகும்?

இரண்டு: ரஜ்ஜு தட்டினால் கல்யாணம் கிடையாது

ஜாதகத்தில் மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நம் ஜாதகத்தில் வோல்டேஜ்தான் ரஜ்ஜு. பாஷை பொருந்தாவிட்டால் மெஷின் பேசாது, அவ்வளவுதான். வோல்டேஜ் பொருந்தாவிட்டால் மெஷினே போய்விடும்.

*அடாப்டர் தொலைந்துவிட்டது. டிராயரில் கிடக்கிற வேறொன்றைப் போடலாமா?*

உருண்டை பின் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று 5 வோல்ட், ஒன்று 9, ஒன்று 12, லேப்டாப்புக்கு 19. அடாப்டரின் முதுகைப் படியுங்கள். வோல்ட் சரியாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. குறைவாக இருந்தால் கூடாது. வட்டத்துக்குள் புள்ளி போட்டு பிளஸ், மைனஸ் குறி இருக்கும். நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சொல்வது அதுதான். அதுவும் ஒத்துப்போக வேண்டும். 5 வோல்ட் மோடத்துக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது ஒருமுறை கண் சிமிட்டும். கடைசி முறை.

*கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. பெரிசா ஷாக் இல்லை. விட்டுவிடலாமா?*

விடக்கூடாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று மின் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் நடுவே சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் சரியாக இருந்தால் அவை வழியாகக் கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் கேபினட் ஏறக்குறைய பாதி வோல்டேஜில், சுமார் 115-இல், மிதந்துகொண்டிருக்கும். கரன்ட் ரொம்பக் குறைவு என்பதால் உங்களை வெறுமனே இழுக்கிறது. ஆனால் அந்த நிலையில் பிரின்டர் கேபிளைச் சொருகினால் அந்த 115-உம் பேரலல் போர்ட் வழியாக ஓடப் பார்க்கும். அந்த போர்ட்டின் சிப்புக்குத் தாங்குகிற சக்தி 5 வோல்ட். முடிந்தது கதை.

நம் பக்கத்து பூமி வறண்ட பூமி. அந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இந்த ஊரை ராசியான ஊராக்கியது. ஆனால் எர்த்துக்கு அதே வறட்சி எதிரி. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. பல ஆபீஸ்களில் நான் முதலில் கேட்கிற கேள்வி, "எர்த் குழியில தண்ணி ஊத்தி எத்தனை மாசம் ஆச்சு?" கணக்குப்பிள்ளை முதலாளியைப் பார்ப்பார். முதலாளி வாட்ச்மேனைப் பார்ப்பார். வாட்ச்மேன், "எர்த் குழி எங்கிருக்கு?" என்பார்.

ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பேரலல், சீரியல், பழைய உருண்டைக் கீபோர்டு பிளக் மூன்றையும் கழற்றும்போதும் மாட்டும்போதும் இரண்டு மெஷினையும் நிறுத்திவிடுங்கள். யுஎஸ்பி மட்டும் ஓடும்போதே சொருகுவதற்கென்று பிறந்தது. அதன் பிளக்குக்குள் பாருங்கள்: மின்சாரத்துக்கான இரண்டு தகடும் நீளம், தகவலுக்கான இரண்டும் குட்டை. முதலில் மின்சாரம் சேர்ந்த பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். எவ்வளவு நாகரிகம்!

*மெமரி கார்டை வெறும் கையால் தொடக்கூடாது என்கிறார்களே, நிஜமா?*

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற அக்கா யாரையாவது கேளுங்கள். மருந்து இருக்கிற அறைக்குள் போகும் முன் எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவது ஏன், நைலான் கட்டாமல் பருத்தி கட்டிப் போவது ஏன் என்று அவர் சொல்வார். உடம்பில் சேருகிற நிலை மின்சாரம் சுமார் 3000 வோல்ட்டைத் தொட்டால்தான் 'சுரீர்' என்று நமக்குத் தெரியும். மெமரி சிப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கே ஜாஸ்தி. நமக்கு ஒன்றும் தெரியாமலே அது செத்திருக்கும். மெஷினைத் திறக்கும் முன் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, எர்த் உள்ள பெயின்ட் இல்லாத இரும்பு எதையாவது தொடுங்கள். அது போதும்.

அங்கே உயிர் போகிற சமாசாரம். இங்கே ரூபாய் போகிற சமாசாரம். விஞ்ஞானம் ஒன்றுதான்.

இதை ஒட்டி ஒரு கேள்வி அடிக்கடி வரும். "கலவை ஷெட்டில் ஒரு எடை மெஷின் வைத்து ஆபீஸுக்குக் கேபிள் இழுக்கலாமா? ஒரு கேமரா மாட்டலாமா?" என் பதில்: நான் மாட்ட மாட்டேன், நீங்களும் மாட்டாதீர்கள். கடையில் கிடைக்கிற சாதாரண அடாப்டரும் கேபிளும் அந்த அறைக்கு வெறும் பொறி. நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்புத் துறை அனுமதித்த வரைபடத்தில் இல்லாத எதுவும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. முதலாளி சொன்னாலும் சரி, அவசரம் என்றாலும் சரி. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' உறுதியாக 'முடியாது' என்று சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

மூன்று: காதும் வாயும்

விருதுநகரில் ஒரு எடைமேடை. லாரி ஏறி நிற்கும். மேடைக்குக் கீழே இருக்கிற லோடு செல் அந்த எடையைச் சில மில்லிவோல்ட்டாக மாற்றும். இண்டிகேட்டர் பெட்டி அதைக் கிலோவாக்கிச் சிவப்பு எண்ணில் காட்டும். அங்கிருந்து ஒரு 9 பின் கேபிள் கம்ப்யூட்டருக்கு. பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிதில் 9 பின்னே இல்லை. தம்பி ஒரு யுஎஸ்பி கன்வர்ட்டர் வாங்கி மாட்டினார். திரையில் எடைக்குப் பதில் கோழி கிறுக்கியது மாதிரி எழுத்து. வெளியே ஏழெட்டு லாரி. டிரைவர்கள் இறங்கி வந்து ஜன்னல் வழியாக யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"கன்வர்ட்டர் டூப்ளிகேட் போல, அண்ணாச்சி" என்று தம்பி தீர்ப்பு எழுதி முடிக்கும் நேரம் நான் போய்ச் சேர்ந்தேன். கன்வர்ட்டர் நல்ல கன்வர்ட்டர். கிறுக்கலாக ஏதாவது வந்தாலே கம்பி சரி என்று அர்த்தம். வேகம்தான் தப்பு. இண்டிகேட்டர் 2400 வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் 9600 வேகத்தில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிதானமாகப் பேசுகிறவர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் இவர் நாலு வார்த்தை எழுதிவிடுகிறார். எண்ணை மாற்றியதும் எடை வந்தது.

ஆகவே பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே நாலு விஷயத்தைக் குறித்து வையுங்கள்: வேகம், எத்தனை பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட். '9600, 8, என், 1' என்பது போல ஒரு வரி. செத்த பிறகு அதைக் கேட்க முடியாது.

*ஒன்றுமே வரவில்லை என்றால்?*

9 பின்னில் கம்ப்யூட்டருக்கு 2-ஆம் ஊசி காது, 3-ஆம் ஊசி வாய். எதிர்ப் பக்க மெஷினுக்கும் அப்படியே இருந்தால் நேர் கேபிளில் வாயும் வாயும் சேரும், காதும் காதும் சேரும். நம் டீக்கடை அரசியல் பேச்சு மாதிரி. 2-ஐயும் 3-ஐயும் மாற்றிக் கட்டிய கிராஸ் கேபிள் போட்டால் ஒருவர் பேச, ஒருவர் கேட்பார்.

இன்னொன்று. எடைமேடையின் ஆர்எஸ்-232 போர்ட் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸிலும் 3 முதல் 15 வோல்ட் வரை ஆடும். பச்சை போர்டாக, ஊசி தெரிய விற்கிறார்களே, அந்தக் கன்வர்ட்டர்களில் பல 0 முதல் 5 வோல்ட் வரை மட்டும் தாங்கும். இரண்டுமே 'சீரியல்'தான். மாற்றிக் கொடுத்தால் ரஜ்ஜு தட்டும். இண்டிகேட்டரில் எடையளவு முத்திரை இருக்கும். என்ன அவசரம் என்றாலும் அதை உடைத்து உள்ளே நோண்டாதீர்கள். அது சட்டத்தின் பூட்டு.

*மேடைக்கும் ஆபீஸுக்கும் தூரம் அதிகம். நீளக் கேபிள் போடலாமா?*

ஆர்எஸ்-232-க்கு 15 மீட்டர் என்பது வழக்கமான எல்லை. யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான். அதற்கு மேல் என்றால் ஆர்எஸ்-485 என்று ஒன்று உண்டு. 1200 மீட்டர் வரை போகும். ஆனால் வெளியில் போகிற நீளக் கேபிள் ஐப்பசி இடிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு கொடுக்கிற மாதிரி. நடுவில் ஒளியால் தகவலைத் தாண்டவிடுகிற ஐசொலேட்டர் ஒன்று போடுங்கள். மின்னல் ஒரு பக்கம் நுழைந்தாலும் மறு பக்கம் பிழைக்க வழியுண்டு. வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வைப்பது அதைவிட உத்தமம்.

*எச்டிஎம்ஐ–விஜிஏ கேபிள் வாங்கினேன். படமே வரவில்லை.*

விஜிஏ 1987-இல் வந்தது. அது அலை பாஷை, அனலாக். எச்டிஎம்ஐ 2002-இல் வந்தது. அது எண் பாஷை, டிஜிட்டல். நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். சிப் இல்லாமல் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வெறும் வயரையும் விற்கிறார்கள். பெரும்பாலும் அது பயன்படாது. சிப் உள்ளதிலும் திசை உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது, திரும்பி வராது. ஒன்வே! வாங்கும்போது, "கம்ப்யூட்டரில் இது, மானிட்டரில் அது" என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

நாலு: தரகர் சரியில்லை என்றால்

*கன்வர்ட்டர் நேற்று வரை ஓடியது. அப்டேட் ஆன பிறகு ஓடவில்லை.*

தரகர் கோபித்துக்கொண்டார். கன்வர்ட்டர் சிப்புகளில் போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவர் அனுப்பியது. தன் பெயரில் உலவிய போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே அது பூஜ்யமாக்கிவிட்டது. உலகம் முழுக்கக் கூச்சல். வாங்கினவருக்கு அது போலி என்றே தெரியாது. டிரைவரை வாபஸ் வாங்கினார்கள். பாடம் என்ன? எடைமேடை மாதிரி வருமானம் தொங்குகிற இடத்துக்குக் கன்வர்ட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி ஒன்றை அலமாரியில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற டிரைவரின் ஃபைலைப் பென் டிரைவில் போட்டு அதன் கூடவே வையுங்கள்.

*யுஎஸ்பி–பேரலல் கேபிள் போட்டேன். வேர்டில் பிரின்ட் வருகிறது. பழைய டாஸ் பில்லிங்கில் வரவில்லை.*

அந்தக் கேபிள் தன்னை 'யுஎஸ்பி பிரின்டர்' என்று அறிமுகம் செய்துகொள்ளும். டாஸ் புரோகிராமோ 'எல்பிடி 1' என்ற பழைய முகவரியில்தான் கதவைத் தட்டும். அந்த வீட்டில் ஆளில்லை. 32 பிட் விண்டோஸ் மெஷின் என்றால் பிரின்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' என்ற கட்டளையால் எல்பிடி 1-ஐ அதன் பக்கம் திருப்பிவிடலாம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். அங்கே டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற ஒன்றை வைத்து, ஒரு கற்பனை டாஸ் கம்ப்யூட்டரை உள்ளே ஓட்ட வேண்டும்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதே பல டாஸ் பில்லிங்குகள் ரிட்டையர் ஆகிவிட்டன. ஆனால் பழைய கணக்கைப் பார்க்க அவை இன்னும் தேவைப்படுகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பழைய மெஷினை வைத்திருங்கள், தப்பில்லை. இன்டர்நெட் கேபிளை மட்டும் அதிலிருந்து உருவிவிடுங்கள்.

பரணில் இருக்கிறது சொத்து

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த தீப்பெட்டித் தொழிலில் சிவகாசியின் கதை தொடங்குகிறது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்தது, காலண்டர் வந்தது, ஊரே பிரஸ் ஆனது. கல்லில் வரைந்த லேபிள் பிறகு ஃபிலிமுக்கு வந்து, 1990களில் கம்ப்யூட்டருக்குள் போனது. இன்றைக்குப் பல பிரஸ்களின் பரணில் பழைய ஹார்ட் டிஸ்க் தூசி தின்றுகொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு பழைய பார்ட்டி வருவார். "அதே பழைய லேபிள்தான் வேணும். கலர் கூட மாறக்கூடாது. ஜனங்க அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குறாங்க."

முதலாளி தம்பியைப் பார்ப்பார்.

40 ஊசி உள்ள அகலமான சாக்கெட் என்றால் அது ஐடிஇ டிஸ்க். 2003 வாக்கில் வந்த சாட்டா அதற்கு எமனானது. இரண்டையும் யுஎஸ்பியில் மாட்ட ஒரு அடாப்டர் கிடைக்கும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால், தனிப் பவர் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். டிஸ்க்கின் பின்னால் குட்டி ஜம்பர் இருக்கும். அதை 'மாஸ்டர்' இடத்தில் வையுங்கள். மாட்டியதும் விண்டோஸ் "ஃபார்மட் பண்ணவா?" என்று பவ்யமாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்! திறக்காதீர்கள், அடுக்காதீர்கள், முதலில் மொத்தத்தையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால் அந்த நொடியே பவரை நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் உள்ளே தகட்டைச் சுரண்டலாம். அதற்குத் தனி டாக்டர்கள் உண்டு.

ஃபைல் கிடைத்துவிட்டது. பேஜ்மேக்கரில் திறந்தால் தமிழுக்குப் பதில் பூச்சி பூச்சியாக இருக்கிறதா? பதறாதீர்கள். யூனிகோடு வருவதற்கு முந்திய தமிழ் ஃபான்ட்டுகள் ஒவ்வொன்றும் 'அ'வை ஒவ்வொரு இடத்தில் உட்கார வைத்தன. அந்த ஃபான்ட் இல்லாமல் அந்த எழுத்து வராது. ஆகவே பழைய டிஸ்க்கிலிருந்து டிசைன் ஃபைலை மட்டும் எடுக்காமல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸையும் சேர்த்து எடுங்கள். இதுவும் பாஷைப் பொருத்தம்தான்.

ஃப்ளாப்பியா? 3.5 அங்குலம் என்றால் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் படிக்கும். தோசைக்கல் சைஸ் 5.25 அங்குலத்தை அது தொடாது. சோனி கம்பெனி 2011-இலேயே ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. படிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் இந்த வருஷமே படித்துவிடுங்கள், பூஞ்சை காத்திருக்காது.

கடைசியில் எடைக்குப் போடும்போது ஒரு வார்த்தை. மானிட்டரைப் போடுங்கள், கேபினட்டைப் போடுங்கள். டிஸ்க்கை மட்டும் அழிக்காமல் போடாதீர்கள். பார்ட்டி பேரும் பாக்கித் தொகையும் பழைய இரும்புக் கடையில் கிடப்பது மண்டிக்கு மரியாதை இல்லை.

மேஜைக்கு அடியில் ஒரு விண்ணப்பம்

எந்த ஆபீஸில் மேஜைக்கு அடியில் குனிந்தாலும் ஒரு காட்சி. பத்துப் பதினைந்து கேபிள் பின்னிப் பிணைந்து கிடக்கும். எது எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நாற்காலியோடு நகர்ந்தால் எடைமேடை நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒட்டுகிற டேப்பும் பேனாவும் போதும். ஒவ்வொரு கேபிளிலும் இரண்டு முனையிலும் எழுதி ஒட்டுங்கள்: எங்கிருந்து எங்கே. அடாப்டரில்: எந்த மெஷினுடையது. எடைமேடைக் கேபிளில்: என்ன வேகம், என்ன பேரிட்டி. உங்களுக்கு மதுரையிலோ சென்னையிலோ நல்ல வேலை கிடைத்து நீங்கள் போன பிறகு, அந்த நாற்காலிக்கு வருகிற அடுத்த தம்பி உங்களை வாழ்த்துவார்.

உலகத்துக்கே லேபிள் ஒட்டி அனுப்புகிற ஊர் நம் ஊர். தீப்பெட்டிக்கு லேபிள், பட்டாசுக்கு லேபிள், ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள். மேஜைக்கு அடியில் கிடக்கிற கேபிள் மட்டும் என்ன பாவம் செய்தது?